போருக்குப் பின்னான மறுகட்டமைப்பில் பன்னாட்டு நிறுவனத்தின் பொறுப்பை நிகழ்வியல் வழியே ஆராய்வது எப்படி?

போரால் சிதைந்த நாட்டுக்குள் ஒரு பன்னாட்டு நிறுவனம் நுழையும்போது அதன் கையில் இருக்கும் முதல் ஆவணம் பெரும்பாலும் சேத மதிப்பீட்டு அறிக்கையாகவே இருக்கும். எத்தனை வீடுகள் இடிந்தன, எத்தனை கிலோமீட்டர் சாலை பெயர்ந்தது, எத்தனை மெகாவாட் மின்னாற்றல் இழக்கப்பட்டது என்பதை அது பணக் கணக்காக மாற்றித் தரும். உக்ரைனில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அந்நாட்டு அரசும் உலக வங்கியும் ஐரோப்பிய ஆணையமும் ஐக்கிய நாடுகள் அவையும் இணைந்து 2025 பிப்ரவரியில் வெளியிட்ட மதிப்பீடு, பத்தாண்டுக் கால மீட்புக்குச் சுமார் 524 பில்லியன் டாலர் தேவைப்படும் என்று கூறியது. இந்தக் கணக்கு தேவையானது. இது இல்லாமல் எவரும் நிதி திரட்ட முடியாது. ஆனால் அழிந்த பொருள்களை எண்ணும் கணக்கு, அப்பொருள்களால் தாங்கப்பட்டிருந்த வாழ்க்கை எப்படி உடைந்தது என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்லத் தெரியாத நிறுவனம், நேர்மையாக நடந்துகொண்டாலும், அங்கு வாழ்ந்தவர்களுக்கு அந்நியமான ஓர் ஊரைக் கட்டிவிட்டுப் போகக்கூடும்.

நிறுவனங்களில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், அவற்றின் திட்டங்களை மதிப்பிடும் ஆய்வாளர்களுக்கும், அரசு அலுவலர்களுக்கும், இத்துறையைப் பயிலும் மாணவர்களுக்கும் இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. மெய்யியல் பயிற்சி முன்கூட்டியே தேவையில்லை. பொறுமை கட்டாயம் தேவை.

கருவிகளை அறிந்துகொள்ளுதல்

நிகழ்வியல் என்பது, உலகம் நமக்கு எவ்வாறு தோன்றுகிறது, அனுபவத்தில் எவ்வாறு பொருள் கொள்கிறது என்பதை விளக்கத்துக்கு முன் விவரிக்க முயலும் மெய்யியல் முறை. அதை நிறுவிய எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல் (1859-1938), நாம் இயல்பாகக் கொண்டிருக்கும் நம்பிக்கைகளை மறுக்காமலும் ஏற்காமலும் சிறிது நேரம் நிறுத்திவைக்கச் சொன்னார். 1936இல் வெளிவரத் தொடங்கிய தமது கடைசிப் பெரும் பணியில், அறிவியல் அளவீடுகள் எல்லாம் எந்த அன்றாட அனுபவ உலகிலிருந்து எழுகின்றனவோ அந்த ‘வாழ்வுலகு’ மறக்கப்பட்டுவிட்டது என்று அவர் எச்சரித்தார். சேத மதிப்பீட்டு அறிக்கைகளைப் படிக்கும் எவரும் இந்த எச்சரிக்கையை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இம்மரபு போர்களின் நடுவே வளர்ந்த மரபு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஹுஸ்ஸெர்லின் இளைய மகன் 1916இல் வெர்தன் போர்க்களத்தில் உயிரிழந்தார். ஹுஸ்ஸெர்லின் மாணவி எடித் ஸ்டைன் முதல் உலகப் போரில் செவிலியராகப் பணியாற்றியவர்; 1942இல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார். இம்மரபில் வந்த பிரெஞ்சு மெய்யியலாளர் இம்மானுவேல் லெவினாஸ் 1940 முதல் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தார். லித்துவேனியாவிலிருந்த அவருடைய குடும்பத்தினர் கொல்லப்பட்டனர். ஆகவே போர் முடிந்த நிலத்தில் இக்கருவிகளைப் பயன்படுத்துவது அவற்றைத் தொடர்பில்லாத ஓர் இடத்துக்கு இழுத்துச் செல்வதாகாது.

எனினும் விவரிப்பு மட்டுமே அறமாகிவிடாது. மனித இருப்பை மிக நுட்பமாக விவரித்த ஜெர்மானிய மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெகர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார் என்ற உண்மையே இதற்குப் போதுமான சான்று. கூர்ந்து பார்ப்பவர் நியாயமாக நடப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதனால்தான் லெவினாஸின் அறவியல் நமக்கு இரண்டாவது கருவியாகிறது. 1961இல் வெளியான தம் முதன்மையான நூலில் அவர், எதிரே நிற்கும் மற்றவரின் முகம் நம் அறிவுக்குள் அடங்கும் ஒரு பொருளாக வருவதில்லை, நம்மிடம் பதில் கோரும் ஒன்றாகவே வருகிறது என்று வாதிட்டார். பொறுப்பு என்பது ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு பிறப்பதில்லை. ஒப்பந்தத்துக்கு முன்பே அது நம்மேல் இருக்கிறது. எல்லாப் பொறுப்பையும் ஒப்பந்தத்தின் வாசகத்திலேயே தேடும் பழக்கமுள்ள நிறுவன உலகுக்கு இது எளிதில் செரிக்காத கருத்து. ஆனால் இந்த வழிகாட்டி முழுவதும் இதையே ஆதாரமாகக் கொண்டுள்ளது.

முதலில் உங்கள் சொற்களை நிறுத்திவையுங்கள்

திட்ட முன்மொழிவை எடுத்து, அதில் திரும்பத் திரும்ப வரும் பெயர்ச்சொற்களைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘பயனாளி’, ‘காலி நிலம்’, ‘கைவிடப்பட்ட சொத்து’, ‘போருக்குப் பிந்தைய காலம்’, ‘உள்ளூர்ப் பங்குதாரர்’ போன்றவை கட்டாயம் இருக்கும். ஒவ்வொன்றின் எதிரிலும், யாருடைய இடத்தில் நின்று பார்த்தால் இது இப்படித் தெரிகிறது என்று எழுதுங்கள். பிறகு அச்சொல்லைப் பயன்படுத்தாமல் அதே நிலைமையை விவரிக்க முயலுங்கள். ‘காலி நிலம்’ என்பதற்குப் பதிலாக, ‘முன்பு வாழ்ந்தவர்கள் துரத்தப்பட்டதால் இப்போது எவரும் இல்லாத நிலம்’ என்று எழுத நேர்ந்தால், முன்மொழிவின் அடுத்த பத்தியை நீங்கள் வேறு விதமாகத்தான் எழுத முடியும்.

இது வெறும் சொற்பயிற்சி எனத் தோன்றலாம். சிரியாவில் 2018 ஏப்ரலில் வந்த 10ஆம் எண் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். மறுவளர்ச்சி மண்டலமாக ஓர் இடம் அறிவிக்கப்பட்டால், பதிவேட்டில் பெயரில்லாத உரிமையாளர்கள் முப்பது நாள்களுக்குள் தம் உரிமையை நிறுவ வேண்டும் என்று அது முதலில் விதித்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் அந்த ஆண்டின் இறுதியில் அக்காலக்கெடு ஓராண்டாக நீட்டிக்கப்பட்டது. பல லட்சம் பேர் அகதிகளாக வெளிநாடுகளில் இருந்த நேரத்தில், திரும்பி வர அஞ்சியவர்களுக்கும் ஆவணங்களை இழந்தவர்களுக்கும் அந்தக் கெடு எவ்வாறு அனுபவமாகியிருக்கும்? சட்டப்படி வில்லங்கம் இல்லாத நிலம் என்று ஒரு நிறுவனத்தின் வழக்கறிஞர் சான்றளிக்கலாம். அந்தச் சான்றை நிறுத்திவைத்துவிட்டுப் பார்க்கும்போதுதான் நிலத்தின் மேல் இன்னும் வாழும் உரிமைகள் கண்ணுக்குத் தெரியும்.

‘போருக்குப் பிந்தைய’ என்ற சொல்லையும் இதேபோல் சோதியுங்கள். போர்நிறுத்த ஒப்பந்தத்தின் தேதி அரசுகளுக்கு உரியது. கண்ணிவெடி அகற்றப்படாத வயலை உழ வேண்டியவருக்கும், காணாமல்போன மகனின் செய்திக்காகக் காத்திருப்பவருக்கும் போர் அத்தேதியில் முடிவதில்லை.

வாழ்வுலகை விவரித்தல்

இதுவே வேலையின் மிகப் பெரிய பகுதி; அவசரப்பட்டால் முழுவதும் வீணாகிவிடும். பெரும்பாலான கலந்தாய்வுக் கூட்டங்களில் மக்களிடம் கருத்துக் கேட்கப்படுகிறது: உங்களுக்குச் சாலை வேண்டுமா, பள்ளி வேண்டுமா? இவ்வாறு கேட்டால், கேட்பவர் ஏற்கெனவே வகுத்துவைத்த பட்டியலுக்குள்ளேயே பதில் அமைந்துவிடும். நிகழ்வியல் நோக்கில் கேட்பவர் கருத்தைக் கேட்பதற்கு முன் நடப்பை விவரிக்கச் சொல்வார். போருக்கு முன் ஒரு சாதாரண நாளில் காலையில் எங்கே போவீர்கள், வழியில் யாரைப் பார்ப்பீர்கள்? இப்போது எந்த வழியைத் தவிர்க்கிறீர்கள்? எந்த ஒலி கேட்டால் உடல் திடுக்கிடுகிறது? அடுத்த ஆண்டுக்கென்று எதையாவது திட்டமிடுகிறீர்களா, இல்லையெனில் எவ்வளவு தூரம் வரை உங்களால் முன்னோக்கிப் பார்க்க முடிகிறது?

இக்கேள்விகளுக்குப் பின்னால் மெய்யியல் அடிப்படை இருக்கிறது. பிரெஞ்சு நிகழ்வியலாளர் மோரிஸ் மெர்லோ-போன்ட்டி 1945இல் வெளியிட்ட ஆய்வில், கையை இழந்தவருக்கு அக்கை இன்னும் இருப்பதாகவே தோன்றும் நிலையை நெடுக விவாதிக்கிறார். உலகோடு நாம் கொண்டுள்ள பழக்கம் உடலில் குடியிருப்பதால், இழப்புக்குப் பிறகும் உடல் பழைய உலகையே எதிர்பார்த்து நிற்கிறது என்பது அவர் காட்டும் உண்மை. ஊர்களுக்கும் இது பொருந்தும் என்று கருதுகிறேன். பாலம் தகர்ந்த பிறகும் கால்கள் அத்திசையில் திரும்புகின்றன. ஆகவே புதிய பாலத்தை எங்கே கட்டுவது என்பதைப் போக்குவரத்துக் கணக்கோடு, அந்தக் கால்களின் நினைவையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பொஸ்னியாவின் மோஸ்தார் நகரிலிருந்த பழைய பாலம் 1993 நவம்பரில் பீரங்கித் தாக்குதலில் விழுந்த பிறகு, வேறு பாலம் கட்டி ஆற்றைக் கடந்துகொள்ளலாம் என்று எவரும் விட்டுவிடவில்லை. 2004இல் அது பழைய வடிவிலேயே மீண்டும் எழுந்தது. அங்கே இழக்கப்பட்டிருந்தது வெறும் கடவுவழி அன்று.

திரும்பி வருபவர்களைத் தனியாகக் கவனியுங்கள். வங்கித் துறையில் பணிபுரிந்துகொண்டே நிகழ்வியலைச் சமூகவியலுக்குக் கொண்டுவந்த ஆல்ஃபிரட் ஷூட்ஸ், 1945இல் வீடு திரும்புபவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். போனவரும் மாறிவிட்டார், வீடும் மாறிவிட்டது. ஆனால் இருவரும் பழையதையே எதிர்பார்க்கிறார்கள். ஊரிலேயே இருந்து போரைத் தாங்கியவருக்கும், அகதியாகச் சென்று மீண்டவருக்கும், புதிதாகக் குடியேறியவருக்கும் அதே தெரு மூன்று வெவ்வேறு தெருக்களாகத் தோன்றும். ஒரே கூட்டத்தில் மூவரையும் உட்காரவைத்து ‘சமூகத்தின் கருத்து’ என்று பதிவு செய்வது மூவருக்கும் இழைக்கும் அநீதி.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, ஒத்துணர்வு பற்றிய ஆய்விலேயே முனைவர் பட்டம் பெற்ற ஸ்டைன் காட்டியதுபோல, மற்றவரின் வலி நமக்கு உண்மையாகவே வெளிப்படுகிறது, ஆனால் அது ஒருபோதும் நம் சொந்த வலியாக வருவதில்லை. எனவே அறிக்கையில் ‘அவர்களுடைய வேதனையை முழுமையாகப் புரிந்துகொண்டோம்’ என்று எழுதாதீர்கள். நீங்கள் கேட்டது என்ன, அதில் உங்களுக்கு எட்டாதது என்ன என்பதைப் பிரித்து எழுதுங்கள். இரண்டாவது, பேசச் சொல்வதே காயப்படுத்தக்கூடும். நன்கொடையாளர், நிறுவனம், ஆய்வாளர் என ஒவ்வொருவரும் வந்து அதே கதையைக் கேட்கும்போது, உயிர் தப்பியவர் தம் துயரத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்க வேண்டியதாகிறது. ஏற்கெனவே பதிவான சாட்சியங்களை முதலில் படியுங்கள். கேட்டே ஆக வேண்டுமெனில், பதில் சொல்ல மறுப்பதும் பாதியில் எழுந்து போவதும் அவருடைய உரிமை என்பதைத் தொடக்கத்திலேயே கூறி, பெயரையும் அடையாளத்தையும் எவ்வாறு பாதுகாப்பீர்கள் என்பதையும் விளக்குங்கள். ஆயுதக் குழுக்கள் இன்னும் நடமாடும் இடத்தில் கசிந்துபோன ஒரு பெயர்ப்பட்டியல் உயிரைப் பறிக்கலாம்.

இடம் சொத்தாக மாறும்போது

1975 முதல் 1990 வரை நீடித்த உள்நாட்டுப் போருக்குப் பின் பெய்ரூட்டின் மையப் பகுதியை மீட்டெடுக்கும் பணி, 1994இல் தொடங்கப்பட்ட சொலிதேர் என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அது லெபனான் நாட்டு நிறுவனமே. ஆயினும் பன்னாட்டு மூலதனம் கற்க வேண்டிய பாடம் அதில் உள்ளது. 1991ஆம் ஆண்டின் சட்டப்படி, அப்பகுதியில் சொத்துரிமையும் வாடகை உரிமையும் கொண்டிருந்தவர்களுக்கு அவற்றுக்கு ஈடாக நிறுவனத்தின் பங்குகள் அளிக்கப்பட்டன. பல உரிமையாளர்களாகச் சிதறிக்கிடந்த நிலத்தை ஒன்றுசேர்க்கும் சிக்கலுக்கு இது சாமர்த்தியமான தீர்வு. அனுபவத்தின் பக்கமிருந்து பார்த்தால், தாத்தா காலத்திலிருந்து நடத்திய கடை ஒரு பங்குப் பத்திரமாக மாறியது. பங்கை விற்கலாம், அதன் மதிப்பு ஏறவும் இறங்கவும் செய்யும். ஆனால் அதற்குள் நுழைந்து உட்கார முடியாது. ஒரு திட்டத்தில் மாற்றீடு வழங்கப்படும் இடங்களில் எல்லாம், விலை சமமா என்பதோடு, எதனால் எது ஈடுசெய்யப்படுகிறது என்பதையும் கேளுங்கள்.

இதைவிடக் கடினமான எடுத்துக்காட்டு வடமேற்கு பொஸ்னியாவின் ஓமர்ஸ்கா. அங்கிருந்த இரும்புத்தாதுச் சுரங்க வளாகம் 1992இல் பொஸ்னிய செர்பியரால் தடுப்பு முகாமாக மாற்றப்பட்டு, பொஸ்னியாக்குகளும் (பொஸ்னிய முஸ்லிம்கள்) குரோவாத்தியர்களும் அங்கே சித்திரவதை செய்யப்பட்டனர், கொல்லப்பட்டனர். முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயம் அக்குற்றங்களுக்காகப் பலரைத் தண்டித்தது. 2004இல் அச்சுரங்கத்தின் பெரும்பங்கை, பின்னர் ஆர்செலர்மித்தலாக மாறிய மித்தல் ஸ்டீல் வாங்கியது. வேலையின்மை மிகுந்த வட்டாரத்தில் சுரங்கம் மீண்டும் இயங்கியது பலருக்கு ஊதியம் தந்தது. உயிர் தப்பியவர்களோ அங்கு ஒரு நினைவிடம் வேண்டினர். 2005இல் நிறுவனம் அதற்கு ஒப்புக்கொண்டது. உள்ளூரில் எழுந்த எதிர்ப்பாலும் பிணக்குகளாலும் 2006இல் அத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 அன்று நினைவுகூரல் நடக்க மட்டும் அனுமதி தொடர்ந்தது.

இரு சமூகங்களுக்கிடையே நடுநிலை வகிப்பதாக ஒரு நிறுவனம் இத்தகைய நிலையில் சொல்லிக்கொள்வதை என்னால் ஏற்க இயலவில்லை. வாயிற்கதவின் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் நடுநிலையில் இல்லை. தன் மகன் இறந்த அறைக்கு ஒரு தாய் எந்த நாளில் வரலாம் என்பதை வேலை அட்டவணை முடிவு செய்யும்போது, நிறுவனம் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. எனவே ஒரு தொழிற்சாலையையோ நிலத்தையோ கையகப்படுத்துவதற்கு முன், அங்கே போரின்போது என்ன நடந்தது என்பதைச் சுற்றுச்சூழல் ஆய்வுக்கு இணையான தீவிரத்துடன் விசாரியுங்கள். நினைவிட உரிமையையும் வந்துபோகும் உரிமையையும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் அது பெரும்பாலும் நடப்பதில்லை.

முகத்திலிருந்து விதிமுறைக்கு

எதிரே ஒருவர் மட்டும் இருந்தால் அவருக்குப் பதில் சொன்னால் போதும். மூன்றாமவர் வந்தவுடன், யாருக்கு முதலில், எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது. நீதியும் அமைப்புகளும் அங்கேதான் பிறக்கின்றன என்கிறார் லெவினாஸ். இந்த இடத்தில்தான் நீங்கள் விவரித்துச் சேர்த்த அனுபவங்கள் ஒப்பந்தப் பிரிவுகளாக மாற வேண்டும். இல்லையேல் எல்லாம் கண்துடைப்பாகிவிடும்.

அதற்கான சட்டகம் ஏற்கெனவே இருக்கிறது. ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதியாக இருந்த ஜான் ரகி வகுத்து, ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் 2011 ஜூனில் ஏற்ற 31 வழிகாட்டு நெறிகள், வணிக நிறுவனங்கள் மனித உரிமைகளை மதிக்கும் பொறுப்புடையவை என்று கூறுகின்றன. மோதல் நடக்கும் பகுதிகளில் மிகக் கடுமையான மீறல்களுக்கான ஆபத்து அதிகம் என்பதையும் சுட்டுகின்றன. இவற்றை விளக்கும் ஐ.நா. பணிக்குழுவின் 2020 அறிக்கை, அத்தகைய இடங்களில் வழக்கமான ஆய்வு போதாது, கூடுதல் கவனத்துடன் கூடிய ஆய்வு தேவை என்றது. தனி மனிதர்களுக்கு வரும் தீங்கோடு, நிறுவனத்தின் வருகை மோதலையே எவ்வாறு மாற்றும் என்பதையும் அந்த ஆய்வு பார்க்க வேண்டும். யாரை வேலைக்கு எடுக்கிறீர்கள், யாரிடம் மணல் வாங்குகிறீர்கள், யாருடைய சோதனைச் சாவடிக்குப் பணம் கட்டுகிறீர்கள் என்பவையெல்லாம் அதிகாரத்தைப் பங்கிடும் செயல்கள். வட சிரியாவில் சிமென்ட் ஆலையை இயக்கிக்கொண்டிருப்பதற்காக ‘இசுலாமிய அரசு’ (ஐ.எஸ்.) என்ற அமைப்பு உள்ளிட்ட ஆயுதக் குழுக்களுக்குப் பணம் சென்ற வழக்கில், பிரெஞ்சு சிமென்ட் நிறுவனமான லஃபார்ஜ் 2022 அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தண்டத் தொகை சுமார் 778 மில்லியன் டாலர்.

இங்கே ஜெர்மானிய மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ் 1946இல் செய்த பகுப்பு பெரிதும் உதவும். ஜெர்மனியின் பொறுப்பைப் பற்றிப் பேசும்போது அவர் குற்றவியல், அரசியல், அறவியல், மீமெய்யியல் (சக மனிதர் அழிக்கப்படும்போது தான் உயிரோடிருப்பதாலேயே எழுவது) என நான்கு வகைக் குற்றப்பொறுப்பைப் பிரித்தார். நிறுவன வழக்கறிஞர்கள் பொதுவாக முதல் வகையோடு நின்றுவிடுவார்கள். உங்கள் நிறுவனம் போர்க்காலத்தில் யாருக்கு என்ன விற்றது, யாரிடமிருந்து லாபம் பெற்றது என்பதை நான்கு தலைப்புகளிலும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். முதல் தலைப்பின் கீழ் வெற்றிடமாக இருப்பது மற்றவற்றையும் வெற்றிடமாக்கிவிடாது.

ஒப்பந்தச் சங்கிலியின் நீளத்தையும் அளந்து பாருங்கள். தலைமை நிறுவனம், துணை ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று ஒவ்வொரு படியிலும் பாதிக்கப்பட்டவரின் முகம் மங்குகிறது. கடைசியில் எல்லோரும் ஒருவரையொருவர் காட்டிக் கைகழுவுவார்கள். ஈராக்கின் ஃபலூஜா நகரக் கழிவுநீர்த் திட்டம் 2004இல் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்காக, மூன்றேகால் கோடி டாலர் அளவிலான ஒப்பந்தமாகத் தொடங்கியது. முடியும்போது செலவு பத்துக் கோடி டாலரைத் தாண்டியிருந்தது. எண்ணியதில் பாதிப் பேருக்குக்கூட அது எட்டவில்லை. பாதுகாப்பின்மையும் திட்டமிடல் குறைகளும் இதற்குக் காரணங்கள். 2008இல் அமெரிக்கத் தணிக்கையாளர்கள் கவனித்த ஒன்றுதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது: தெருக்களில் குழாய் பதிப்பதற்குத் திட்டம் இருந்தது, வீடுகளை அதனோடு இணைப்பதற்கு உறுதியான ஏற்பாடு இருக்கவில்லை. வாழ்பவரின் பக்கமிருந்து தொடங்கியிருந்தால் முதல் கேள்வியே வீட்டுக்குள்ளிருந்து எழுந்திருக்கும். எனவே பணி நிறைவு என்பதற்கான வரையறையை, பதித்த நீளத்தை வைத்து எழுதாமல், ஒரு குடும்பம் அதைப் பயன்படுத்தத் தொடங்கிய நிலையை வைத்து எழுதுங்கள். கடைசித் தொகையையும் அதோடு பிணையுங்கள்.

ஆயுதம் ஏந்திய காவலர்கள் பற்றிச் சுருக்கமாக: 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலர்கள் சுட்டதில் 17 ஈராக்கியர் உயிரிழந்தனர். அதற்கு அடுத்த ஆண்டு வந்த மோன்த்ரோ ஆவணம், தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் தொடர்பாக அரசுகளுக்குள்ள கடமைகளைத் தொகுத்துத் தருகிறது. பாதுகாப்பை வாங்கும் நிறுவனம் அதைப் படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

குறைதீர்ப்பு ஏற்பாடு வேலை தொடங்குவதற்கு முன்பே திறந்திருக்க வேண்டும். வழிகாட்டு நெறிகளில் 31ஆவது, அத்தகைய ஏற்பாடு எளிதில் அணுகத்தக்கதாகவும் வெளிப்படையானதாகவும் நம்பகமானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இதைச் சோதிக்க, எழுதப் படிக்கத் தெரியாத, உங்கள் காவலர்களைக் கண்டு அஞ்சும் ஒருவர் புகார் தர வேண்டுமெனில் எங்கெங்கே நடக்க வேண்டும், எத்தனை பேரைத் தாண்ட வேண்டும் என்று வழியை நீங்களே நடந்து பாருங்கள். அலுவலகம் முன்னாள் விசாரணைக் கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அங்கு எவரும் வர மாட்டார்கள். புகாரைப் பெறுபவர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர், எந்த மொழியில் பேசுகிறார் என்பதும் விதியின் பகுதியே.

வெளியேறுதல்

நிதி தீர்ந்ததும் நிறுவனம் போய்விடும் என்பதை அங்கு வாழ்பவர்கள் முதல் நாளிலிருந்தே அறிவார்கள். அதனால் வெளியேறும் திட்டத்தையும் அவர்களோடு சேர்ந்தே எழுதுங்கள். உதிரிபாகங்கள் எங்கிருந்து வரும், பராமரிப்புச் செலவை யார் ஏற்பார்கள், பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் தங்குவார்கள் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கட்டுமானத்தின்போது கிடைத்த மனித எச்சங்கள், பழைய ஆவணங்கள், நில வரைபடங்கள் ஆகியவற்றைப் பற்றிய பதிவேடுகளை நிறுவனத்தின் சொத்தாகக் கருதி எடுத்துச் செல்லாமல், காணாமல்போனோரைத் தேடும் அமைப்புகளுக்கும் உள்ளூர் நிர்வாகத்துக்கும் முறைப்படி ஒப்படையுங்கள். முடிவுறாத புகார்களை ஒப்பந்தம் முடிந்த நாளோடு மூடிவிடாதீர்கள். அவற்றைக் கேட்டு முடிக்கும் பொறுப்புக்கு ஓர் ஆளையும் தொகையையும் தலைமையகத்தில் ஒதுக்கி, அந்த அலுவலரை எப்படி அணுகுவது என்பதைப் புகார் கொடுத்த ஒவ்வொருவரிடமும் நேரில் தெரிவித்துவிட்டுக் கிளம்புங்கள்.